மீனுக்கும் பத்தியம் உண்டு

கப்பி மீனைப் பக்கவாட்டில் பார்த்தே பழகிவிட்டோம். ஒருமுறை தொட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். நல்ல உடம்புள்ள மீன் தலைக்குப் பின்னால் சற்றே அகன்று, பிறகு வாலை நோக்கிச் சீராகச் சிறுத்துக்கொண்டு போகும். மெலிந்த மீனில் தலைதான் அகலமான இடம். அதற்குப் பின்னால் சதை வற்றி, முதுகு கத்தியின் விளிம்பு போலக் கூர்ந்து நிற்கும், வயிறு ஒட்டியிருக்கும். சென்னை கே.கே. நகரில் ஏதோ ஒரு அடுக்ககத்தின் கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில் உள்ள இரண்டடித் தொட்டியில் இப்படி ஒரு மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களுக்கு முன் அதன் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் போலப் புழுக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மருந்து விட்டாயிற்று, புழுவும் விழுந்தாயிற்று. தீனியைக் கண்டால் மீன் ஓடி வருகிறது, ஆனால் உடம்பு தேறவில்லை. வீட்டில் யார் பார்த்தாலும் ஒரு சிட்டிகை போடுகிற இடத்தில் இரண்டு சிட்டிகை போடுவார்கள். அன்பால் செய்கிற அந்தக் காரியமே பிழைத்த மீனைக் கொன்றுவிடக்கூடும். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் முதல் நாளே விருந்து வைப்பதில்லை. கஞ்சியில் தொடங்கி, குழைந்த சோறு, ரசம் என்று படிப்படியாகத்தான் ஏறுவார்கள். மீனுக்கும் அதே பத்தியம் வேண்டும், மனிதரைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது.

முதலில், அந்தச் சிவப்பு நூல் எது? பெரும்பாலும் அது கமல்லானஸ் என்னும் உருளைப்புழு. தொட்டி மீன்களில் அதிகம் காணப்படும் இனமான கமல்லானஸ் காட்டியை 1927இல் ஜப்பானில் விவரித்தார்கள். வளர்ப்பு மீன் வணிகத்தோடு அது உலகம் முழுதும் போய்ச் சேர்ந்தது. நமக்கு இது முற்றிலும் அந்நியமான குடும்பம் இல்லை. படிக்கிணற்று நீரைக் குடித்தவர்களின் காலில் முழ நீளத்துக்கு வெளிவந்த நரம்புச் சிலந்திப் புழு இதற்கு உறவு முறை. இரண்டுக்கும் சைக்ளோப்ஸ் என்னும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்ப்பூச்சிதான் வாகனம். குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லியும் படிக்கிணறுகளை மாற்றியும் நரம்புச் சிலந்தியை இந்தியா ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல் பதிவானார், 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கமல்லானஸ் அப்படி எளிதில் ஒழியாது. நெருக்கமான தொட்டியில் சைக்ளோப்ஸ் இல்லாமலேகூட அது மீனிலிருந்து மீனுக்குத் தொற்றும். முட்டை இடுவதில்லை, உயிருள்ள குஞ்சுப் புழுக்களையே ஈனும். கொம்புபோல் கெட்டியான வாயால் குடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். லெவமிசோல் மருந்து இந்தப் புழுவின் தசைகளை இறுகச் செய்து செயலிழக்கவைக்கிறது. பிடி விடுகிறது, புழு வெளியே வருகிறது. பிடி விட்ட இடத்தில் புண் இருக்கிறது. இழந்த ரத்தம் திரும்பி வரவில்லை. புழு விழுந்த நாளை நோய் முடிந்த நாளாக எண்ணுவது, வீட்டிலிருந்து திருடனை விரட்டிய கையோடு உடைந்த கதவை மறந்துவிடுவது போன்றது.

அந்தக் குடல் என்ன நிலையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பட்டினி கிடக்கும் மீன் முதலில் ஈரலில் உள்ள சேமிப்பையும், பிறகு வயிற்றுக்குள் உள்ள கொழுப்பையும், கடைசியில் முதுகுச் சதையையும் எரிக்கிறது. அதோடு நிற்பதில்லை. வேலை இல்லாத குடலைப் பராமரிப்பது பெருஞ்செலவு என்பதால், உணவை உறிஞ்சும் உள்மடிப்புகளையே உடல் சுருக்கிவிடுகிறது. செரிமான நொதிகளும் குறைகின்றன. உணவு திரும்பக் கிடைக்கும்போது மடிப்புகள் மீண்டும் வளர்கின்றன. வளர நாட்கள் ஆகும், வெப்பமான நீரில் சற்று விரைவாக. இதோடு இன்னொரு செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கப்பிக்கும் கோல்ட் ஃபிஷ்ஷுக்கும் இரைப்பையே கிடையாது. மொல்லி, கெண்டை, பார்ப் எல்லாம் அப்படித்தான். வாயிலிருந்து நேராகக் குடல். நாம் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாலைந்து மணி நேரம் அதை வைத்துச் செரிப்பது போல இவற்றால் வைத்துக்கொள்ள முடியாது. குளத்தில் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருப்பது பேராசையால் இல்லை. உடலின் அமைப்பே அப்படி. சுருங்கிப்போன, புண்பட்ட, இரைப்பை இல்லாத குடலுக்குள் இரண்டு சிட்டிகைத் தீனியைத் தள்ளினால் பாதி செரிக்காமலே பின்னால் வந்து விழும். ஏஞ்சல், ஆஸ்கர் போன்ற சிக்லிட் மீன்களுக்கு இரைப்பை உண்டு என்பதால் அவை கொஞ்சம் தாங்கும். புண்பட்ட குடல் அவற்றுக்கும் புண்பட்ட குடல்தான்.

மெலிவை எடையால் அளக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீனியலில் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் ஃபுல்டன் பெயரால் வழங்குவது. எடையைக் கிராமில் எடுத்து நூறால் பெருக்கி, நீளத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து மும்மடிப் பெருக்கமாக்கி அதனால் வகுக்க வேண்டும். வால் நீங்கலாக 7 செ.மீ. நீளமும் 8 கிராம் எடையும் உள்ள கோல்ட் ஃபிஷ்ஷுக்கு விடை 2.3 வரும். அதுவே 5.5 கிராமாக இளைத்தால் 1.6. அழகான கணக்குதான். ஆனால் கொழுப்பும் சதையும் கரையும்போது அந்த இடத்தை ஓரளவு நீர் பிடித்துக்கொள்கிறது. எனவே தராசு காட்டுவதைவிட மீன் உள்ளே அதிகம் இழந்திருக்கும். வாரம் ஒருமுறை, ஒரே வெள்ளைக் கிண்ணத்தில், மேலிருந்து எடுத்த புகைப்படத்தை நான் தராசைவிட நம்புவேன். முதுகு உருள்கிறதா என்பதைக் கண் பொய் சொல்லாமல் காட்டிவிடும்.

இனி தண்ணீர். பத்தியத்தின் அளவைக் குடல் பாதி தீர்மானிக்கிறது என்றால் மீதிப் பாதியைத் தண்ணீர் தீர்மானிக்கிறது, மனிதருக்கு இல்லாத தொல்லை இது. நாம் சாப்பிடும் அறையும் கழிக்கும் அறையும் வேறு. மீன் உண்பதும் மூச்சு விடுவதும் கழிப்பதும் ஒரே நீரில். உண்ட புரதத்தின் கழிவு அம்மோனியாவாக, பெரும்பகுதி செவுள் வழியாகவே, நேரே நீரில் கலக்கிறது. ஒரு கிராம் தீனிக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று மீன் பண்ணைக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். நோயாளி மீனைத் தனியே வைத்திருக்கும் 20 லிட்டர் தொட்டியில், தாராளமான ஒரு சிட்டிகை, அதாவது 0.2 கிராம் போட்டால் 6 மில்லிகிராம், லிட்டருக்கு 0.3. இது அத்தனையும் விஷம் இல்லை. எவ்வளவு பங்கு விஷ வடிவில் இருக்கும் என்பதை நீரின் பிஎச் அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே வெப்பத்தில் பிஎச் 8.2 என்றால் நூற்றில் 11 பங்குக்கு மேல். மீன் நீண்ட நாள் தாங்கக்கூடிய வரம்பாக லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைப் பொதுவாகக் கொள்கிறார்கள். பிஎச் 7 உள்ள தொட்டியில் அந்த ஒரு சிட்டிகை 0.003ஐக்கூட எட்டவில்லை. பிஎச் 8.2 உள்ள தொட்டியில் அதே சிட்டிகை 0.03ஐத் தாண்டிவிட்டது. இரண்டு சிட்டிகை போட்டிருந்தால் 0.07க்குப் பக்கத்தில் வந்திருக்கும். மீனும் தீனியும் அன்பும் ஒன்றே. மாறியது தண்ணீர் மட்டும்.

கே.கே. நகர்க்காரர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. இந்தப் பகுதியில் ஒரே வீட்டுக்கு மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் என்று மூன்று வகை நீர் வரக்கூடும். மூன்றும் அடுக்ககத்தின் சம்ப்பில் கலந்து மேலே ஏறும். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டது. வாளியில் சோப்பு நுரைக்காமல், குழாய் முனையில் வெள்ளைப் படிவம் கட்டுகிற வீட்டில் பிஎச் எட்டுக்குப் பக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தீனியை அளப்பதே பாதுகாப்பு. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் தரும் சொட்டு மருந்து அதை முறித்துவிடும். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியிருக்கின்றன. புதிதாக அமைத்த மருத்துவத் தொட்டியில் அவை இல்லை; சில மருந்துகள் இருப்பவற்றையும் கொன்றுவிடும். எனவே நோய் கண்ட தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சையே நோயாளி மீனோடு கொண்டுவந்து வைப்பது நல்லது. அப்படி ஒரு ஸ்பாஞ்ச் கிடைக்கும்வரை தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை, அடியில் கிடக்கும் கழிவோடு சேர்த்துக் குழாய் வைத்து உறிஞ்சி மாற்ற வேண்டும். தீனியின் அளவைக் கூட்ட நினைக்கும் நாளில் முதலில் நீர் மாற்றும் அளவைக் கூட்டுங்கள்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பட்டினி கிடந்த மீனுக்கு மீண்டும் உணவு கிடைத்தால், பட்டினியே கிடக்காத மீனைவிட வேகமாக வளரும். ஈடுசெய் வளர்ச்சி என்று இதற்குப் பெயர். பல மீன் இனங்களில் சோதனைகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அப்போது மீனின் பசியும் வழக்கத்தைவிடக் கூடுகிறது. இயற்கையே அள்ளித் தின்னச் சொல்லும்போது நாம் ஏன் கையை இறுக்க வேண்டும்? என் பதில் இது. அந்தச் சோதனைகளில் வந்தவை ஆரோக்கியமான மீன்கள். தீனியை நிறுத்தியதால் மட்டுமே இளைத்தவை. அவற்றின் குடல் சுருங்கியிருக்கலாம், புண்படவில்லை. அவை நீந்தியதும் கழிவு உடனுக்குடன் அகற்றப்படும் பெரிய தொட்டிகளில். நம் மீன் ரத்தம் இழந்தது, இருப்பது ஒரு வாளி அளவு நீரில். பசி உண்மையானதுதான், ஆனால் பசி என்பது செரிக்கும் திறனுக்குச் சான்று ஆகாது. மனித மருத்துவம் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட எலும்பும் தோலுமானவர்களில் சிலர், வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். இன்று கடுமையான ஊட்டச்சத்துக் குறைவோடு சிக்கல்களும் சேர்ந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் எஃப்-75 என்ற பாலைத்தான் தருகிறார்கள். 100 மில்லிக்கு 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. குழந்தை நிலைபெற்ற பிறகே 100 கலோரியும் மூன்று கிராமை நெருங்கும் புரதமும் கொண்ட எஃப்-100. மீனின் உடல் குழந்தையின் உடல் இல்லை. மீன் புரதத்தையே எரிபொருளாக்கிக்கொள்ளக் கூடியது, ஆகவே புரதத்தைக் குறைக்கும் அந்தப் பகுதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் நிலைபெறச் செய், பிறகு வளரச் செய் என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். முதல் வாரம் வழக்கமான நாளளவை ஐந்தாறு வேளையாகப் பிரித்துத் தருவது, அடுத்த வாரங்களில் வேளையைக் குறைக்காமல் அளவை மெல்லக் கூட்டுவது. ஈடுசெய் வளர்ச்சி அதன் பிறகு தானாக வரும்.

வெப்பத்தைப் பற்றி வெளிநாட்டு நூல்கள் சொல்வதை அப்படியே பின்பற்றுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குளிர் நாடுகளில் எழுதியவர்கள், நோயாளி மீனுக்கு ஹீட்டர் வைத்து நீரைச் சூடாக்கச் சொல்வார்கள். சென்னையில் மே மாதம் தொட்டி நீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் உடல் எரிக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 20 டிகிரியில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் சேமிப்பு, இங்கே இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். குடல் ஆறுவதும் இங்கே வேகம் என்பது உண்மை, ஆனால் மூச்சுக் காற்று குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ரத்தம் இழந்த மீனுக்கு அந்த ஒன்றரை மில்லிகிராம் பெரிய பொருட்டு. ஹீட்டருக்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஏர் பம்ப் ஒன்றும், மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் இன்னொன்றும் வாங்கலாம். மார்கழி, தை இரவுகளில் ஹீட்டருக்கு வேலை உண்டு. மற்ற மாதங்களில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வீசினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

என்ன தருவது? கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் கேட்டால் முதலில் கையில் கிடைப்பது டியூபிஃபெக்ஸ், சிவப்பாகப் பந்து போலத் திரண்டு நெளியும் உயிர்ப் புழு. தின்ன மறுக்கும் மீன்கூட அதைக் கண்டால் வாய் திறக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வாழ்வது, சில மீன் ஒட்டுண்ணிகளுக்கு இடை விலங்காகவும் இருப்பது. குடலில் புண்ணோடு இருப்பவனுக்கு வீதியோரச் சாக்கடையில் அலசிய கீரையைக் கொடுப்போமா? குளத்திலிருந்து அள்ளிவந்த மொய்னா என்னும் சிறு நீர்ப்பூச்சிகளிலும் சைக்ளோப்ஸ் கலந்து வரலாம். விட்டொழித்த புழுவை விலை கொடுத்து வாங்குவதாக முடியும். என் தேர்வு ஆர்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் இந்த உப்புநீர்ப் பூச்சியின் காய்ந்த முட்டைகள் டப்பாவில் கிடைக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் 25 கிராம் கல் உப்பைக் கரைத்து, அரைக் கரண்டி முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டு வைத்தால், 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். சென்னையின் அறை வெப்பமே அதற்கு ஏற்றது. ஆரஞ்சு நிறத் தூசியாகத் துள்ளும் குஞ்சுகளை, மஞ்சள் கரு தீரும் முன்பே மெல்லிய துணியில் வடித்து, நல்ல நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். கப்பியின் வாய்க்கு அளவான கவளம், மென்மையானது, தின்னப்படும்வரை சிறிது நேரம் நன்னீரில் உயிரோடு நீந்துவதால் தண்ணீரும் உடனே கெடாது. கோல்ட் ஃபிஷ் அளவு மீனுக்கு வேகவைத்துப் பொடியாக அரிந்த இறாலும், தோல் நீக்கி மசித்த பச்சைப் பட்டாணியும் சேரலாம். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைப் பலர் சொல்வார்கள்; அது நீரைக் கலக்கிக் கெடுப்பதற்கு முன் மீன் தின்னும் அளவு மிகக் கொஞ்சம்.

இரண்டு கிராம் உப்பு ஒரு லிட்டருக்கு என்ற கணக்கில் கல் உப்பு சேர்ப்பதையும் பத்தியத்தின் பகுதியாகவே சொல்வேன். நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு நீருக்குள் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது; அதைத் திரும்ப இழுத்து வைக்கவே உடல் உணவின் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெளியே சற்று உப்பு இருந்தால் அந்தச் செலவு குறையும், அம்மோனியாவிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நைட்ரைட்டின் விஷமும் செவுளில் நுழையத் தடைபடும். கெளுத்தி வகைகளும் செடிகளும் உப்பைத் தாங்கா, அவற்றுக்கு வேண்டாம்.

நாலைந்து வாரம் ஒழுங்காகத் தின்றும் முதுகு உருளவில்லை என்றால், பத்தியம் பிழையா, நோய் தீரவில்லையா? இந்தக் கேள்வியை எழுப்பாமல் தீனியை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் பிழை. லெவமிசோல் ஒருமுறை போட்டால் முடியாது; இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறை போட வேண்டியிருக்கும், குடலில் அப்போது சிறியதாக இருந்து தப்பிய புழுக்களுக்காக. கழிவைக் கவனியுங்கள்: தின்ற தீனியின் நிறத்தில் திடமாக விழுந்தால் குடல் வேலை செய்கிறது, வெள்ளையாகச் சளி நூல் போலத் தொங்கினால் குடலில் வேறு ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. கடையில் சொன்ன மருந்தை அளவு தெரியாமல் ஊற்றுவதைவிடக் கால்நடை மருத்துவரைக் கேட்பது நல்லது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கும் நகரம் இது. இன்னொரு சாத்தியமும் உண்டு, மனம் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். மீன் காசநோய் கண்ட மீனும் இப்படித்தான் தின்றுகொண்டே தேய்ந்துபோகும். சில நேரம் முதுகெலும்பு வளைந்தும் உடலில் புண் வைத்தும் காட்டும். அதைத் தீர்க்க நம்பகமான மருந்து இல்லை. அந்த பாக்டீரியா மனிதத் தோலில் உள்ள கீறல் வழியாகவும் நுழையும் என்பதால், கையில் காயத்தோடு தொட்டிக்குள் கை விடக் கூடாது.

இருபது ரூபாய் மீனுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் சரியாகவே தோன்றும். ஆனால் கமல்லானஸ் பரவுவதே அந்த வழியில்தான்: இறந்ததை மாற்ற வந்த புதிய மீன், அதே தொட்டியில், அதே நீரில், தப்பிய அதே குஞ்சுப் புழுக்களோடு சேர்கிறது. ஒரு மீனைத் தேற்றிக் காட்டிய வீட்டில், அந்தத் தொட்டியின் நீரும் ஃபில்டரும் தீனிப் பழக்கமும் திருந்தியிருக்கும். இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், அந்த மீனை நாம்தான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தோம். தானாகத் தீனி தேடவோ நல்ல தண்ணீருக்கு நகரவோ அதற்கு வழி இல்லை. விலை என்னவாக இருந்தாலும் அந்தப் பொறுப்பு குறையாது என்றே நான் நினைக்கிறேன்.

தேறிய மீனைப் பழைய தொட்டிக்குத் திருப்பி விடும் நாளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது தலையைவிடத் தோள் அகலமாகி, இரண்டாம் முறை மருந்து போட்டு மூன்று வாரம் கடந்து, யாருடைய ஆசனவாயிலும் சிவப்பு நூல் தெரியாத பிறகுதான் அந்த நாள். தனித் தொட்டியில் அது மண்சட்டி ஓட்டின் நிழலில் யாரோடும் போட்டியில்லாமல் தின்று பழகியிருக்கிறது. கூட்டத்தில் தள்ளுமுள்ளு இருக்கும். எனவே விளக்கை அணைத்து, மற்ற மீன்களுக்கு முதலில் தீனி போட்டு அவற்றின் பசி அடங்கிய பின், இருளில் விடுங்கள். மறுநாள் காலை தீனியை ஒரே இடத்தில் போடாமல் தொட்டியின் இரு முனையிலும் தூவிவிட்டு, உங்கள் மீன் எந்த முனைக்கு வருகிறது, எத்தனை கொத்து கொத்துகிறது என்று சற்று நேரம் அங்கேயே நின்று எண்ணுங்கள்.